விருந்தினராக வந்த பொம்மைகள்

குழந்தைகளுக்கு நாம் கற்றுத்தரும் பாடங்களுள் மிகக் கடினமானது எது? தன்னைப்போல் இல்லாத ஒருவரையும் தன்னைப்போலவே மதிக்கும் பாடம்தான். கணக்கில் பிழை நேர்ந்தால் ஆசிரியர் சிவப்பு மையால் திருத்திவிடுவார். பிற மக்களைப் பற்றிச் சிறுவயதில் உள்ளத்தில் பதிந்துவிடும் பிழையான எண்ணத்தைத் திருத்துவதற்கோ சில வேளைகளில் ஒரு வாழ்நாள் முழுவதும் போதாமல் போகிறது.

மொழியாலும் உடையாலும் உணவாலும் வழிபாட்டாலும் வேறுபட்ட மக்கள் ஒரே தெருவில் வாழ்கின்ற நம் நாட்டில் இந்தப் பாடத்தை விருப்பப்பாடம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதை எவ்வாறு கற்பிப்பது? படப்புத்தகத்தைக் காட்டினால் போதுமா? ‘எல்லோரும் உடன்பிறந்தவர்கள்’ என்று மனப்பாடம் செய்யச் சொன்னால் போதுமா? இதற்கு விடை தேடும் பெற்றோரும் ஆசிரியர்களும் ஆழ்ந்து ஆராயத்தக்க ஒரு நிகழ்ச்சி வரலாற்றில் உண்டு. 1926, 1927-ஆம் ஆண்டுகளில் அமெரிக்கக் கிறிஸ்தவத் திருச்சபைகள் தங்கள் குழந்தைகளைக் கொண்டு நடத்திய நட்புப் பொம்மைத் திட்டமே அது. அதன் நிறைவிலிருந்து கற்க வேண்டியவை பல. அதன் குறையிலிருந்து கற்க வேண்டியவையும் சில உள்ளன.

உண்டியல் கற்பித்த பாடம்

குழந்தைகளை அயல்நாட்டுப் பணியில் ஈடுபடுத்தும் வழக்கம் கிறிஸ்தவ மிஷன்களில் அதற்கும் முற்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஞாயிறு பள்ளிகளில் சிறுவர் சிறுமியர் தங்கள் கைச்செலவுக் காசை மிஷன் உண்டியலில் இட்டு வந்தனர். அவர்களுக்கென்றே மாத இதழ்கள் அச்சிடப்பட்டன. சர்ச் மிஷனரி சங்கத்தின் சிறுவர் இதழ் 1842-இல் தொடங்கிற்று. லண்டன் மிஷனரி சங்கம் 1844-இல் பசிபிக் தீவுகளின் பணிக்காக ‘ஜான் வில்லியம்ஸ்’ என்னும் கப்பலைக் கடலில் விட்டது. அக்கப்பலுக்காகக் குழந்தைகள் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகை 6,000 பவுனுக்கும் அதிகம்.

இதில் நன்மை இல்லை என்று கூற இயலாது. மிட்டாய் வாங்க வைத்திருந்த காசைத் தான் கண்டறியாத யாருக்கோ கொடுத்த குழந்தை, தன்னலத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கக் கற்றது. நிலப்படத்தில் ஒரு புள்ளியாக இருந்த தீவு அதற்கு ஓர் ஊராயிற்று. வேறு எந்தப் பள்ளியும் கற்பிக்காத புவியியலை அந்த உண்டியல் கற்பித்தது.

ஆயினும் அதே உண்டியல் மற்றொரு பாடத்தையும் சேர்த்தே புகட்டியது. அக்காலச் சிறுவர் இதழ்களில் அயல்நாட்டுக் குழந்தை பெரும்பாலும் இருளில் வாழ்வதாகவும், துன்புறுவதாகவும், மீட்பவரை எதிர்நோக்கிக் காத்திருப்பதாகவுமே வரையப்பட்டது. அந்தக் குழந்தைக்கும் விளையாட்டு உண்டு, பண்டிகை உண்டு, கதை சொல்லும் பாட்டி உண்டு, தான் பிறருக்குக் கற்றுத்தரக்கூடிய ஏதோ ஒன்றும் உண்டு என்பது சொல்லப்படவில்லை. ஆகவே, ‘நான் கொடுப்பவன், அவன் பெறுபவன்’ என்னும் எண்ணம் காசோடு காசாக உள்ளத்தில் சேர்ந்துவிட்டது.

இரக்கம் உயர்ந்த பண்பு. ஆனால் அது மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கிப் பாயும் நீர் போன்றது. இரக்கத்தை மட்டுமே கற்ற குழந்தை தன்னை எப்போதும் மேட்டில் வைத்துக்கொள்கிறது. துன்பப்படும் மனிதனுக்கு உதவ அதற்குத் தெரியும். அதே மனிதன் நிமிர்ந்து சமமாக வந்து நின்றால் அவனிடம் எப்படிப் பழகுவது என்று தெரியாது. இந்தக் குறையை உணர்ந்து மாற்றுவழி தேடியவர்களும் அதே மிஷன் மரபிலிருந்தே தோன்றினார்கள் என்பது இங்குக் கருதத்தக்கது.

சட்டம் அடைத்த கதவு

சிட்னி லூயிஸ் கியூலிக் என்பவர் 1860-இல் பசிபிக் பெருங்கடலின் மார்ஷல் தீவுகளில், மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். 1888 முதல் 1913 வரை ஜப்பானில் போதகராகவும் ஆசிரியராகவும் பணியாற்றினார். ஜப்பானிய மொழியில் சொற்பொழிவு ஆற்றும் அளவுக்குத் தேர்ச்சி பெற்றிருந்தார். தாயகம் திரும்பியபோது, கலிபோர்னியா முதலான மேற்கு மாநிலங்களில் ஜப்பானியக் குடியேறிகள்மீது வெறுப்பு வளர்ந்திருப்பதைக் கண்டார். அமெரிக்கத் திருச்சபைகளின் கூட்டமைப்பில் பணியேற்று, எல்லா நாட்டினருக்கும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்தும் குடியேற்றச் சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகள் எழுதியும் பேசியும் வந்தார்.

அந்த முயற்சி தோற்றது. 1924-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் எவரும் அமெரிக்காவில் குடியேற முடியாது என்று விதித்தது. ஆசியர்கள் குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்பது அன்றைய அமெரிக்கச் சட்டத்தின் நிலை. எனவே ஜப்பானியர் என்னும் பெயரைச் சொல்லாமலேயே ஜப்பானியருக்குக் கதவு அடைக்கப்பட்டது. இந்தியர்களுக்கு 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே அது அடைபட்டிருந்தது. ஜப்பானில் இச்சட்டம் தேசிய அவமானமாக உணரப்பட்டது.

சட்டமன்றத்தில் தோற்ற கியூலிக் குழந்தைகளிடம் சென்றார். பெரியவர்களின் உள்ளம் இறுகிவிட்டது. இறுகாத உள்ளங்களிலிருந்து தொடங்கலாம் என்று அவர் கருதினார். 1926-இல் திருச்சபைக் கூட்டமைப்பின் சார்பில் ‘குழந்தைகளிடையே உலக நட்புக் குழு’ ஏற்படுத்தப்பட்டது. அதன் முதல் திட்டமே பொம்மைத் திட்டம்.

பொம்மைகளின் பயணம்

ஜப்பானில் ஆண்டுதோறும் மார்ச் 3-ஆம் நாள் ‘ஹினமட்சுரி’ என்னும் பெண்குழந்தைகள் விழா கொண்டாடப்படுகிறது. சிவப்புத் துணி விரித்த படிகளில் பேரரசர், பேரரசி, பணிப்பெண்கள், இசைவாணர்கள் என்று பொம்மைகளை வரிசையாக அமர்த்தி வைப்பார்கள். நவராத்திரிக் கொலுவைக் கண்ட எவருக்கும் இக்காட்சி அயலானதாகத் தோன்றாது. ஜப்பானில் நீண்ட காலம் வாழ்ந்த கியூலிக் இவ்விழாவை நன்கு அறிந்திருந்தார். அமெரிக்கப் பொம்மைகள் அந்த விழாவுக்கு விருந்தினராகச் செல்லட்டும் என்பதே அவருடைய எண்ணம்.

ஞாயிறு பள்ளிகள், பொதுப் பள்ளிகள், சிறுமியர் சங்கங்கள் ஆகியவற்றுக்குச் செய்தி சென்றது. கண் திறந்து மூடும், ‘மாமா’ என்று குரல் எழுப்பும் பொம்மையைக் குழந்தைகள் காசு சேர்த்து வாங்கினர். தாய்மார் அருகிருந்து வழிகாட்ட, உடைகளைத் தங்கள் கையாலேயே தைத்தனர். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பெயர் இட்டனர். ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சீட்டு, ஒரு பயணச்சீட்டு, ஜப்பானியக் குழந்தைகளுக்கு ஒரு நட்புக் கடிதம் ஆகியவை இணைக்கப்பட்டன. ஊரூராக வழியனுப்பு விழாக்களும் நடந்தன.

இவ்வாறு அனுப்பப்பட்டவை 12,739 பொம்மைகள். 1927 ஜனவரி முதல் அவற்றை ஏற்றிய கப்பல்கள் யோகஹாமா முதலிய துறைமுகங்களை அடைந்தன. ‘நீலக்கண் பொம்மை’ என்னும் குழந்தைப்பாடல் 1921 முதலே ஜப்பானில் புகழ்பெற்றிருந்ததால், வந்த பொம்மைகளுக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது. மார்ச் 3-ஆம் நாள் டோக்கியோவில் பெரும் வரவேற்பு விழா நடைபெற்றது. பின்னர் அப்பொம்மைகள் நாடெங்கும் தொடக்கப் பள்ளிகளுக்கும் மழலையர் பள்ளிகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன.

ஜப்பானில் இவ்வரவேற்பை முன்னின்று நடத்தியவர் எய்ச்சி ஷிபுசாவா. ஜப்பானின் நவீனத் தொழில்துறைக்குத் தந்தை எனப் போற்றப்படும் அவருடைய உருவம் 2024 முதல் அந்நாட்டின் 10,000 யென் பணத்தாளில் இடம்பெற்றுள்ளது. வரவேற்பு விழாவின்போது அவருக்கு வயது எண்பத்தாறு. இவருடைய இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றை இங்கு நினைவுகூர்வது பொருத்தமானது. 1863-இல், இருபத்துமூன்று வயது இளைஞராக இருந்தபோது, அயல்நாட்டவர் மீது கொண்ட வெறுப்பால், யோகஹாமாவில் அவர்கள் வாழ்ந்த குடியிருப்பைத் தீக்கிரையாக்கத் தோழர்களோடு சேர்ந்து திட்டமிட்டவர் இவர். நல்லவேளையாக அத்திட்டம் கைவிடப்பட்டது. 1867-இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்குச் சென்ற தூதுக்குழுவில் ஒருவராக அவர் ஐரோப்பாவுக்குப் பயணமானார். அந்த மக்களோடு நேரில் பழகியபின் அவர் வேறொரு மனிதரானார். எந்தத் துறைமுகத்துக்குத் தீயிட நினைத்தாரோ, அதே துறைமுகத்தில் அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அயல்நாட்டுப் பொம்மைகள் வந்திறங்க வழிசெய்தார். வெறுப்பு மனித இயல்பு, அதை மாற்ற முடியாது என்று கூறுவோருக்கு இவருடைய வாழ்க்கையே மறுமொழி.

மறுமொழியாக வந்த 58 பொம்மைகள்

பரிசு வந்தால் மறுபரிசு அனுப்புவது ஜப்பானியப் பண்பாட்டில் தவறாத கடமை. ஷிபுசாவாவின் குழுவும் ஜப்பானியக் கல்வித்துறையும் இணைந்து அதற்கு ஏற்பாடு செய்தன. பொம்மையைப் பெற்ற பள்ளிகளின் சிறுமியர் ஆளுக்கு ஒரு சென் கொடுத்தனர். ஒரு சென் என்பது ஒரு யென்னில் நூறில் ஒரு பங்கு. ஏறத்தாழ 26 லட்சம் சிறுமியர் இவ்வாறு கொடுத்ததாகக் கணக்கிடப்படுகிறது. ஒருவருக்கும் சுமையாகாத, ஒருவரையும் ஒதுக்காத கொடை அது.

அத்தொகையைக் கொண்டு நாட்டின் தலைசிறந்த பொம்மைக் கலைஞர்கள் 58 பொம்மைகளைச் செய்தனர். அக்கலைஞர்களுள் ஒருவரான ஹிராதா கோயோ பிற்காலத்தில், 1955-இல், ‘வாழும் தேசியச் செல்வம்’ என்னும் உயர்ந்த சிறப்பைப் பெற்றார். பொம்மைகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் உயரம். சிப்பி ஓட்டுத் தூளைக் குழைத்துப் பூசி மெருகேற்றிய முகம், பட்டுக் கிமோனோ, கூடவே அரக்குப் பூச்சிட்ட சிறு பேழைகள், தேநீர்க் கலங்கள், விளக்குகள். 47 மாவட்டங்களுக்கும் 6 பெருநகரங்களுக்கும் ஜப்பானின் ஆட்சியில் இருந்த 4 பகுதிகளுக்கும் ஒவ்வொன்று. நாடு முழுவதற்குமாக ஒன்று. 1927 நவம்பரில் அவை புறப்பட்டன. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் காட்சிக்கு வைக்கப்பட்டபின் பல்வேறு மாநிலங்களின் அருங்காட்சியகங்களிலும் நூலகங்களிலும் இடம்பெற்றன.

உண்டியல் காலத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்த இடத்தில்தான் தெளிவாகிறது. உண்டியலில் இட்ட காசுக்கு மறுமொழி வருவதில்லை. பொம்மைக்கு மறுமொழி வந்தது. அதுவும் கொடுத்ததைக் காட்டிலும் நுட்பமான கலைப்பொருளாக வந்தது. கொடுத்த குழந்தை பெறுகின்ற குழந்தையாயிற்று. கொடுப்பவன் உயர்ந்தவன், பெறுபவன் தாழ்ந்தவன் என்று போட்டிருந்த கணக்கு அங்குக் குலைந்தது.

‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் ‘புதுமை’ என்பது பொருள். புதிதாக வருபவர் எவரோ அவரே விருந்தினர். அறியாதவர் என்பதால் அஞ்சத்தக்கவர் என்று கருதாமல், அறியாதவர் என்பதாலேயே வரவேற்கத்தக்கவர் என்று கருதும் பார்வை அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. பிற பண்பாட்டைக் கற்பித்தல் என்பதன் உட்பொருளும் இதுவே.

நெருப்பும் மறைவிடமும்

இத்திட்டம் முடிந்து பதினான்கு ஆண்டுகளில், 1941 டிசம்பரில், இரு நாடுகளும் போரில் இறங்கின. 1927-இல் பத்து வயதுச் சிறுமியாகப் பொம்மையை வரவேற்றவள் அப்போது இருபத்துநான்கு வயதுப் பெண். அவளோடு படித்த சிறுவன் அப்போது போர்வீரன்.

1943-இல் ஜப்பானில் நீலக்கண் பொம்மைகள் ‘பகைவரின் பொம்மைகள்’ என்று அறிவிக்கப்பட்டன. அவற்றை அழிக்குமாறு நாளிதழ்கள் தூண்டின. பள்ளிகளுக்கு ஆணைகள் சென்றன. பல பள்ளிகளில் மாணவர்களின் கண்ணெதிரிலேயே அவை எரிக்கப்பட்டன. சில இடங்களில் மூங்கில் ஈட்டியால் குத்தப்பட்டன. பாட்டுப் பாடி வரவேற்ற அதே முற்றத்தில் இது நிகழ்ந்தது. அன்று அங்கு நின்ற குழந்தைகளும் ஒரு பாடம் கற்றார்கள் என்பதை மறக்கலாகாது. வெறுப்பும் கற்பிக்கப்படுவதே, அதற்கும் ஆசிரியர் உண்டு, வகுப்பறை உண்டு, செய்முறைப் பயிற்சி உண்டு.

அமெரிக்காவிலும் நிலைமை மேலானதாக இல்லை. 1942 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து, ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த குடிமக்கள். ஜப்பானியப் பொம்மைகள் பல, கிடங்குகளின் இருட்டுக்குள் சென்றன.

ஆயினும் எல்லாப் பொம்மைகளும் எரியவில்லை. ஜப்பானில் சில ஆசிரியர்கள் ஆணையை நிறைவேற்றவில்லை. பொம்மையைத் துணியில் சுற்றிப் பள்ளியின் மறைவான மூலைகளில் ஒளித்து வைத்தனர். கண்டுபிடிக்கப்பட்டால் ‘நாட்டுக்குத் துரோகி’ என்னும் பழி வந்து சேரும் காலம் அது. இவ்வளவு துணிவு எதற்காக? மரத்தூளும் துணியுமான ஒரு விளையாட்டுப் பொருளுக்காகவா? அவர்கள் கண்ணுக்கு அது பொருளாகத் தோன்றியிருந்தால் எரித்திருப்பார்கள். அதற்கு ஒரு பெயர் இருந்தது. அது கடவுச்சீட்டுடன், கடிதத்துடன் வந்திருந்தது. குழந்தைகள் அதை வரவேற்றிருந்தார்கள். வீட்டுக்கு வந்த விருந்தினரைப் பகைவர் என்று ஒப்படைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

போருக்குப் பின் இப்பொம்மைகள் மறக்கப்பட்டன. 1973-இல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே., தப்பிப் பிழைத்த பொம்மை ஒன்றைப் பற்றிய நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அதன்பிறகு நாட்டின் பல பகுதிகளில் பழைய பள்ளிகளின் அலமாரிகளும் கிடங்குகளும் திறக்கப்பட்டன. 300-க்கும் மேற்பட்ட பொம்மைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. அமெரிக்காவிலும் 58-இல் 40-க்கும் மேற்பட்டவை அடையாளம் காணப்பட்டன. பல பொம்மைகள் பழுதுபார்ப்புக்காகத் தாங்கள் பிறந்த நாட்டுக்குச் சென்று திரும்பின. 1980-களின் பிற்பகுதியிலிருந்து கியூலிக்கின் பெயரனும் அவர் மனைவியும் புதிய நட்புப் பொம்மைகளை ஜப்பானியப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கினர்.

இத்திட்டம் தோற்றதா?

பொம்மைகள் போரைத் தடுக்கவில்லை. 1924-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அவை மாற்றவில்லை. ஜப்பானியருக்கு எதிரான அந்தத் தடை 1952-இல்தான் நீங்கிற்று. அப்படியானால் இது தோல்விதானே என்று கேட்கலாம்.

இக்கேள்வியில் ஒரு மயக்கம் இருக்கிறது. போரும் அமைதியும் பெரியவர்களின் முடிவுகள். வணிகமும் படையும் ஆட்சியும் அவற்றைத் தீர்மானிக்கின்றன. அவற்றைத் தடுக்கும் சுமையைக் குழந்தைகளின் தையல் ஊசி மீது ஏற்றுவது முறையாகாது. கல்வியின் பயனை அதற்குரிய அளவுகோலால் அளக்க வேண்டும். பிறரைப் பற்றிய பொய்யை அரசும் செய்தித்தாளும் ஊரும் ஒரே குரலில் கூறும்போது, அதை நம்ப மறுக்கும் சிலரையாவது அக்கல்வி உருவாக்கியதா என்பதே கேள்வி. ஒளித்து வைக்கப்பட்ட பொம்மைகள் அதற்கு விடை கூறுகின்றன.

ஆனால் உண்மையான குறைகளும் இத்திட்டத்தில் இருந்தன. அவற்றை நேர்மையுடன் காண்பது அவசியம்.

முதலாவது: பொம்மைகள் பெரும்பாலும் வெண்ணிறத் தோலும் நீலக்கண்ணும் உடையவை. அமெரிக்கா என்றால் இந்த ஒரு முகம்தான் என்று ஜப்பானியக் குழந்தை எண்ணியிருக்கும். கறுப்பின மக்களும் செவ்விந்தியரும், அங்கேயே வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரும் அந்தப் படத்தில் இல்லை.

இரண்டாவது: ஜப்பானிலிருந்து சென்ற பொம்மைகளில் கொரியாவின் பெயராலும் தைவானின் பெயராலும் சென்றவை உண்டு. அவை ஜப்பானின் ஆட்சிக்கு உட்படுத்தப்பட்டிருந்த நாடுகள். அப்பெயர் தாங்கியவையும் ஜப்பானியக் கலைஞர்கள் செய்த ஜப்பானியப் பொம்மைகளே. அம்மக்களுக்குத் தனி முகமும் தனி வரலாறும் உண்டு என்பதைப் பார்த்த குழந்தைகள் அறிய வழியில்லை. நட்பைக் கற்பிக்கும்போதே நாம் யாரைப் பற்றி வாய் திறவாமல் இருக்கிறோம் என்பதும் ஒரு பாடமாகக் குழந்தைகளைச் சென்றடைகிறது.

மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: பொம்மைக்குக் கடவுச்சீட்டு கொடுத்த குழந்தைகளுக்கு, அந்நாட்டு மனிதர்கள் இங்கே வந்து குடியேறச் சட்டம் இடம் தருவதில்லை என்னும் உண்மை எத்தனை வகுப்பறைகளில் விளக்கப்பட்டிருக்கும்? கியூலிக் அந்த அநீதியை நன்கு அறிந்தவர். அதை எதிர்த்துப் போராடியவர். ஆனால் பொம்மை இனிமையானது, சட்டம் கசப்பானது. இனிமையை மட்டும் கொடுத்துக் கசப்பை மறைத்துவிட்டால், அன்பு வெறும் விழாவாக முடிந்துவிடும் அபாயம் இருக்கிறது.

அக்குழு இதோடு நின்றுவிடவில்லை. 1928-இல் மெக்ஸிகோவின் குழந்தைகளுக்கு நட்புப் பள்ளிப்பைகளையும், பின்னர் பிலிப்பைன்ஸ் குழந்தைகளுக்கு நட்புப் பேழைகளையும் அனுப்பியது. எனினும் பொம்மைத் திட்டம் போல் உலகின் நினைவில் நின்றது வேறொன்றில்லை.

ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் ஐந்து நெறிகள்

இந்த வரலாற்றிலிருந்து நம் பாலர் வகுப்புகளுக்கும் வீடுகளுக்கும் பொருந்தும் ஐந்து நெறிகளைத் திரட்டிக் கொள்ளலாம்.

1. முதலில் பெயர், பிறகு செய்தி. ‘நாகர்கள் இத்தகையோர்’, ‘பஞ்சாபியர் இத்தகையோர்’ என்று பாடத்தைத் தொடங்கினால், ஒரு சட்டகத்தைத்தான் குழந்தைக்குக் கொடுக்கிறோம். ஒரு பெயருள்ள சிறுவனின் ஒருநாள் வாழ்க்கையிலிருந்து தொடங்க வேண்டும். அவன் எப்போது எழுகிறான், எதற்காக அம்மாவிடம் திட்டு வாங்குகிறான், மழைநாளில் என்ன விளையாடுகிறான்? பொதுவான செய்திகள் அதன்பின் வரலாம்.

2. அவர்களுடைய நாட்காட்டியை அறிய வேண்டும். கியூலிக் தம் பண்டிகையான கிறிஸ்துமஸைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களுடைய ஹினமட்சுரியைத் தேர்ந்தெடுத்தார். நமக்கு வசதியான நாளில் நம் விருப்பப்படி கொடுப்பது தானம். அவர்களுடைய மகிழ்ச்சியில் விருந்தினராகக் கலந்துகொள்வது நட்பு. பக்கத்து வீட்டுக் குழந்தையின் பண்டிகை நாளை நம் வீட்டுக் குழந்தை சொல்லத் தெரிந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்ல தொடக்கம்.

3. கை உழைக்க வேண்டும். கடையில் வாங்கி அனுப்புவது எளிது. ஒரு சிறு சட்டையைத் தைக்கும் மணிநேரங்களில் குழந்தை அதை அணியப்போகும் பொம்மையையும், அதைப் பெறப்போகும் சிறுமியையும் எண்ணிக்கொண்டே இருக்கிறது. உள்ளத்தில் படிவது அந்த நினைவுதான்.

4. பெறுவதற்கும் கற்பிக்க வேண்டும். பழைய துணிகளையும் பொம்மைகளையும் பெட்டியில் நிரப்பித் தொலைவில் உள்ள ஊர்களுக்கு அனுப்பும் பணி இன்று பல அமைப்புகளில் நடைபெறுகிறது. தேவையுள்ள இடத்தில் அது நற்பணியே. ஆனால் அதோடு நின்றுவிட்டால் குழந்தை பழைய உண்டியலின் பாடத்தையே கற்கும். நாகபுரியில் உள்ள ஒரு வகுப்பு நாகாலாந்தில் உள்ள ஒரு வகுப்புக்கு எழுதலாம்: “எங்களுக்கு உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்றைக் கற்றுத்தர முடியுமா?” கேட்பவன் மாணவன், கற்றுத்தருபவன் ஆசிரியன். ஒருமுறையேனும் அடுத்தவரை ஆசிரியர் இடத்தில் அமர்த்திப் பார்க்காத குழந்தை அவரை உண்மையில் அறிந்ததாகாது.

5. கசப்பான உண்மையை வயதுக்கேற்பக் கூற வேண்டும். ஆறு வயதுக் குழந்தைக்குப் பொம்மை வந்த கதை போதும். பத்து வயதில், பொம்மை எரிந்த கதையையும் அதை ஒளித்து வைத்த ஆசிரியரின் கதையையும் கூறலாம். பதினான்கு வயதில் 1924-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றியும் முகாம்களைப் பற்றியும் கூறியே ஆகவேண்டும். அப்போதுதான் அன்பு நியாயத்தோடு கைகோக்கும்.

இந்த வரலாற்றுக்கு நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு துணைக்கதையும் உண்டு. பொம்மைகள் எரிந்த அதே 1943-இல், டோக்கியோவின் உவேனோ விலங்குக்காட்சிச் சாலையில் இருந்த யானைகளும் போர்க்கால ஆணையால் பட்டினியிட்டுக் கொல்லப்பட்டன. போர் முடிந்தபின், யானையையே கண்டிராத டோக்கியோக் குழந்தைகள் பாரதப் பிரதமர் நேருவுக்குக் கடிதங்கள் எழுதினர். 1949-இல் ‘இந்திரா’ என்று பெயரிடப்பட்ட யானை இந்தியக் குழந்தைகளின் பரிசாக அங்குச் சென்று சேர்ந்தது. பெயர் உண்டு, பயணம் உண்டு, கடிதம் உண்டு, வரவேற்பு உண்டு. கியூலிக்கின் திட்டத்தில் இருந்த அனைத்தும் இங்கும் இருந்தன. ஒரு வேறுபாடு மட்டும் கருதத்தக்கது. இங்கே குழந்தைகளே முதலில் கேட்டார்கள், பெரியவர்கள் செவிசாய்த்தார்கள்.

ஒரு குழந்தையின் கையில் ஊசியையும் நூலையும் கொடுத்து, ‘உன்னைப் போன்ற ஒருத்திக்காக இதைத் தை’ என்று கூறுவது மிகச் சிறிய செயல். அதன் பயன் எப்போது வெளிப்படும் என்று எவராலும் கூற முடியாது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின் தீ மூட்டப்பட்ட ஒரு பள்ளி முற்றத்தில், முன்பின் அறியாத ஓர் ஆசிரியையின் கை தயங்கி நின்றதில் அது வெளிப்படலாம். கற்பிப்பவரின் கடமை விதைப்பது. முளைக்கும் நாளைக் குறித்துக் கொடுப்பது அவர் கையில் இல்லை.

சிந்தனைக்கு

1. இரக்கத்துக்கும் மதிப்புக்கும் உள்ள வேறுபாடு என்ன? உங்கள் இல்லத்தில் குழந்தைகள் இவ்விரண்டில் எதை அதிகம் காண்கிறார்கள்?

2. ஷிபுசாவாவின் உள்ளத்தை மாற்றியது எது? அறிவுரையா, நேரில் பழகியதா?

3. ஆணையை மீறிப் பொம்மையை ஒளித்து வைத்த ஆசிரியரின் செயல் நாட்டுப்பற்றுக்கு முரணானதா? காரணம் கூறுக.

4. உங்கள் தெருவில் வேறு மொழி பேசும், அல்லது வேறு வழிபாட்டைப் பின்பற்றும் ஒரு குடும்பத்திடமிருந்து உங்கள் குழந்தை இவ்வாண்டு கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்று எது? அதற்கான முதற்படியை இந்த மாதமே எடுத்து வையுங்கள்.